வண்டி தண்ணி குடிக்கிறதா? கூலன்ட் விளக்கு எரிந்தால் எங்கே தேடுவது

பெட்ரோல் ஓட ஓடத் தீரும். இன்ஜின் ஆயில்கூடக் கொஞ்சம் எரியும். கூலன்ட் தீருகிற பொருள் இல்லை. இன்ஜின், ரேடியேட்டர், கூலன்ட் டேங்க் என்று மூடிய பாதைக்குள்ளேயே சுற்றி வந்து இன்ஜின் சூட்டை ஆற்றும் திரவம் அது. ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு விரற்கடை இறங்கினால் பரவாயில்லை. அதற்கு மேல் இறங்கி டேஷ்போர்டில் விளக்கும் எரிந்தால், எங்கோ வழி கிடைத்து வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். போன இடத்தைத் தேடாமல் மாதாமாதம் ஊற்றிக்கொண்டே இருந்தால், ஒரு ஹோஸ் கிளிப்பில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஹெட்டை, அதாவது இன்ஜினின் மேல்பாகத்தை, இறக்கும் வேலையாக வந்து நிற்கும்.

வேலூர்ப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக இரண்டு தொல்லைகள். ஒன்று, கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் வெயில். இன்னொன்று நம் போர் தண்ணீர். அதைப் பற்றிக் கீழே தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

எந்த விளக்கு என்று முதலில் பாருங்கள்

அலை மேல் தெர்மாமீட்டர் நிற்பது போன்ற படம் சிவப்பாக எரிந்தால் அது சூட்டு எச்சரிக்கை. அதே படம் நீலமாக எரிந்தால் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் ஓடியதும் தானாக அணைந்துவிடும். மார்கழிக் காலையில் நீல விளக்கைப் பார்த்துப் பதறி வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. டேங்க் மாதிரியான படமோ, கூலன்ட் குறைவு என்ற எழுத்தோ வந்தால் அதுதான் அளவு எச்சரிக்கை.

நம் ஊரில் ஓடும் சின்ன கார்கள் பலவற்றில் அளவு சென்சாரே கிடையாது. சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது விஷயம் அளவைத் தாண்டிச் சூட்டுக்குப் போயிருக்கும். இப்படிப்பட்ட வண்டி உங்களுடையது என்றால் வாரம் ஒருமுறை காலையில், வண்டியைக் கிளப்பும் முன், பானட்டைத் திறந்து டேங்கை ஒரு பார்வை பார்ப்பதைத் தவிர வேறு சென்சார் இல்லை.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்

அளவு விளக்கு எரிகிறது, ஆனால் சூட்டு முள் வழக்கமான இடத்திலேயே நிற்கிறது என்றால் உடனே பிரேக் அடிக்க வேண்டாம். ஏசியை அணைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, முள்ளின் மேல் ஒரு கண் வைத்தபடி அடுத்த பங்க் வரை போகலாம்.

முள் ஏறுகிறது, அல்லது சிவப்பு எரிகிறது என்றால் கதை வேறு. ஓரம் கட்ட இடம் கிடைக்கும் வரை ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை முழு வேகத்தில் விட்டு, கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். மே மாதப் பகலில் இது கொடுமைதான். ஆனால் ஹீட்டர் என்பது வண்டிக்குள் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர், இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும். இதில் ஒரு சோதனையும் இருக்கிறது: முள் சிவப்பில் இருக்கும்போது ஹீட்டரிலிருந்து சூடில்லாத காற்று வந்தால், அங்கே சுற்றுவதற்குக் கூலன்ட் இல்லை. அடுத்த பங்க், அடுத்த ஊர் என்று கணக்குப் போடாமல் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சிலரை ஏமாற்றுவது இன்னொரு அறிகுறி. உச்சத்துக்கு ஏறிய முள் திடீரென்று மடமடவென்று இறங்கும். "சரி, ஆறிவிட்டது" என்று மறுபடி மிதிப்பார்கள். சூட்டை அளக்கும் சென்சார் கூலன்ட்டுக்குள் மூழ்கி இருக்க வேண்டியது. கூலன்ட் மொத்தமும் வடிந்துவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கும், இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

48-ஆம் எண் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டா பக்கமோ வாலாஜா பக்கமோ நின்றுவிட்டால், முடிந்தவரை சர்வீஸ் ரோட்டுக்குள் இறங்கி நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். வண்டியில் இருப்பவர்கள் இடது பக்கமாக இறங்கித் தடுப்புக்கு அந்தப்புறம் நிற்க வேண்டும். இந்தச் சாலையில் நிற்கும் காரைவிட ஆபத்தான இடம் வேறில்லை. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

ஆவி வந்துகொண்டிருக்கும்போது பானட்டைத் தூக்காதீர்கள். ஆவி நின்ற பிறகு தூக்கினாலும் ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ தொடாதீர்கள். உள்ளே இருப்பது குக்கருக்குள் இருப்பது போலத்தான்: தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 107 டிகிரி வாக்கில், மூடியின் அழுத்தமும் சேர்ந்தால் 120-க்கும் மேல். மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆம்பூரில் இறங்கிப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் ஆறியிருக்கும் என்பது பலருடைய கணக்கு. பானட் மூடியே இருந்தால் வெயிலில் அந்த நேரம் போதாது. ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடித்து அழுத்த முடிகிற அளவு ஆறி, அழுத்தினால் மெத்தென்று அமுங்கினால்தான் மூடிக்குப் போகலாம். அப்போதும் மடித்த துணியை மேலே போட்டு, கால் திருப்பு திருப்பி, "உஸ்" சத்தம் அடங்கும் வரை காத்திருந்து பிறகு கழற்றுங்கள். இன்னொன்று: சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும். விரலும் துப்பட்டாவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

கொதிக்கும் இன்ஜின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுவது, உள்ளே ஊற்றுவது இரண்டுமே வேண்டாம். ஹெட் விரிசல் விடும்.

விளக்கு எரிகிறது, டேங்கில் அளவு சரியாகவே இருக்கிறது

வண்டி சமதரையில் நிற்கிறதா, இன்ஜின் ஆறியிருக்கிறதா என்பதை உறுதி செய்துகொண்டு அளவைப் பாருங்கள். டேங்கில் MIN, MAX என்றோ LOW, FULL என்றோ இரண்டு கோடுகள் இருக்கும். ஆறிய நிலையில் இரண்டுக்கும் நடுவில் இருந்தால் சரி. டேங்க் மஞ்சளேறி உள்ளே தெரியவில்லை என்றால் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் கோடு தெரியும். சில டேங்குகளில் பழைய கூலன்ட் இருந்த இடத்தில் கறை படிந்து, அதையே அளவு என்று நினைக்க வைக்கும். வண்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள். அசைவதுதான் கூலன்ட், அசையாதது கறை.

அளவு சரி என்றால் சந்தேகம் சென்சார் மேல். டேங்குக்கு அடியிலோ பக்கத்திலோ ஒரு பிளக் செருகியிருக்கும். அதைக் கழற்றிப் பார்த்தால் பச்சை பூத்திருக்கலாம், அல்லது எலி ஒயரைக் கடித்திருக்கலாம். வயல் ஓரத்து வீடுகளிலும் மூட்டை அடுக்கிய ஷெட்டுகளிலும் நிற்கும் வண்டிகளில் எலிதான் முதல் குற்றவாளி. மிதவை உள்ள டேங்க் என்றால் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். விளக்கு அணைந்தால் மிதவை சேற்றில் ஒட்டியிருக்கிறது. டேங்கைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

இங்கேதான் ஒரு பொறி. உங்கள் வண்டியில் மூடி ஒன்றா, இரண்டா? அழுத்தம் தாங்கும் ஒரே டேங்கும் ஒரே மூடியும் உள்ள வண்டியில் டேங்கில் தெரிவதுதான் உண்மையான அளவு. ரேடியேட்டர் தலையில் ஒரு மூடியும், பக்கத்தில் தனியாக ஒரு ரிசர்வ் டேங்கும் இருக்கிற வண்டியில் அப்படி இல்லை. அந்த ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. சூடாகும்போது ஒன்று திறந்து, பெருகிய கூலன்ட்டை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். ஆறும்போது மற்றொன்று திறந்து அதைத் திரும்ப இழுக்கும். இந்த இரண்டாவது வால்வு ஒட்டிக்கொண்டாலோ, நடுவில் போகும் சின்ன ட்யூப் வெடித்துக் காற்றை இழுத்தாலோ, போனது திரும்பி வராது. ரிசர்வ் டேங்க் ததும்பும், ரேடியேட்டர் காலியாகும். டேங்கை மட்டும் பார்த்துவிட்டு "ஃபுல்லாத்தான் இருக்கு" என்று கிளம்பி வண்டியைக் கொதிக்க வைத்தவர்கள் நிறைய. ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை கூலன்ட் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் தீர்ப்பு. புது மூடி மலிவானது. அதில் அச்சிட்ட அழுத்த எண் பழையதோடு ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வளைவிலும் மேட்டிலும் மட்டும் மின்னி அணைகிறது

அளவு கீழ்க் கோட்டை ஒட்டி வந்துவிட்டது. வண்டி சாயும்போது கூலன்ட் ஒரு பக்கம் ஒதுங்கி, சென்சாரை விட்டு விலகுகிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வளைவுக்கு ஒரு தரம் மின்னும். புலவர், வள்ளல் என்று வளைவுகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைப் படிப்பதா, விளக்கைப் பார்ப்பதா என்று ஆகிவிடும். ஒரு வகையில் இது நல்ல எச்சரிக்கை, காலத்தோடு வந்தது. மலை ஏறும் முன் அடிவாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா மலைப்பாதையில் போகிறவர்களுக்கும் இதேதான்.

வண்டிக்கு அடியில் ஈரம்

ஏசி போட்டு ஓட்டி வந்தால் முன் சீட்டுக்கு நேர் கீழே தண்ணீர் சொட்டும். நிறமில்லை, வாசனையில்லை, விரலில் தேய்த்தால் வெறும் தண்ணீர். அதை மறந்துவிடுங்கள். கூலன்ட் பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று நிறத்தோடு இருக்கும், விரலில் வழுக்கும், வாசனையில் ஒரு தித்திப்பு இருக்கும். வாசனை பாருங்கள், நாக்கில் வைக்காதீர்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொடிய விஷம். தித்திப்பாக இருப்பதால் தெருநாயும் பூனையும் நக்கிவிட்டுச் சாகும். சிந்தியதைத் துணியால் துடைத்து, அந்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து வையுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். முன் பம்பருக்குப் பின்னால் என்றால் ரேடியேட்டர் அல்லது அதன் ஹோஸ்கள். இப்போது வரும் ரேடியேட்டர்களில் அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தலையும் சேரும் மடிப்பில்தான் பெரும்பாலும் கசியும். பழைய பித்தளை ரேடியேட்டரைக் காய்ச்சி ஒட்டியது போல இதை ஒட்ட முடியாது. பெல்ட் ஓடும் பக்கம் சொட்டினால் வாட்டர் பம்ப். பம்ப்பின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள் சீல் போய்விட்டால் அதன் வழியே கசியும்படியே செய்திருக்கிறார்கள். அந்த ஓட்டையிலிருந்து கீழே காய்ந்த நிறக்கோடு ஓடியிருந்தால் பம்ப்பை மாற்றும் நேரம். "கர்ர்" என்ற சத்தமும் சேர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள். டைமிங் பெல்ட்டே பம்ப்பையும் ஓட்டும் வண்டிகளில் பம்ப் இறுகினால் பெல்ட்டும் போகும்.

ஹோஸ் கசிவு பெரும்பாலும் கிளிப்பில்தான் தொடங்கும். கிளிப்பைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும். ஹோஸை ஆறிய நிலையில் அமுக்கிப் பாருங்கள். மொறமொறவென்று சத்தம் வந்தாலும், சோறாகக் குழைந்து கிடந்தாலும் மாற்ற வேண்டும். சொட்டு இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் விழுந்தால் அழுத்தம் ஏறியதும் விரியும் விரிசல். காலையில் மட்டும் விழுந்தால் ஆறும்போது சுருங்கித் தளரும் கிளிப். மெக்கானிக்கிடம் இதைச் சொன்னால் பாதித் தேடல் மிச்சம்.

டேங்க் மூடியைச் சுற்றி மட்டும் ஈரமென்றால் மேல் கோட்டுக்கு மேலே ஊற்றியிருக்கிறீர்களா என்று யோசியுங்கள். கூலன்ட் சூட்டில் பெருகும். அதிகமாக ஊற்றியதை வண்டி துப்பிவிடும். அது ரிப்பேர் இல்லை.

எங்கேயும் ஈரமில்லை, ஆனால் குறைந்துகொண்டே போகிறது

இதுதான் கொஞ்சம் வயிற்றைக் கலக்குவது. ஆனால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீலான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று நேராகத் தாவ வேண்டாம். சூடான இன்ஜினில் சொட்டும் கொஞ்சக் கசிவு தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும். காய்ந்த கறை மட்டும் மிஞ்சும். வண்டிக்குள் தித்திப்பு வாசனை, முன் சீட்டுக் காலடியில் கார்ப்பெட் ஈரம், கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் இருந்தால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது மேலே சொன்ன அந்தக் குட்டி ரேடியேட்டர்.

இவையெல்லாம் இல்லை என்றால் இன்ஜினே குடிக்கிறது. நாம் மெக்கானிக்கிடம் போய் நிற்கும்போது பேச்சு இப்படித்தான் போகும்:

"அண்ணே, வாரத்துக்கு ஒருக்கா ஊத்த வேண்டியிருக்கு. கீழ ஒரு சொட்டு இல்ல."

"இன்னா சார், காலைல ஸ்டார்ட் பண்ணா பொக வெள்ளையா வருதா?"

அவர் கேட்பது சரியான கேள்வி. குளிர்ந்த காலையில் சைலென்சரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து, சற்று நேரத்தில் நின்றுவிடுவது எல்லா வண்டியிலும் நடப்பது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அடர்த்தியாக, தித்திப்பு வாசனையோடு வந்தால்தான் கவலை. அடுத்து ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பாருங்கள். ஆயிலில் கூலன்ட் கலந்தால் வெளிறிய பழுப்பில் ஒரு பசை அப்பியிருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறியிருக்கும். கலங்கிய அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். ஆறிய இன்ஜினைக் கிளப்பி ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினாலும், டேங்கில் நிற்காமல் குமிழி வந்தாலும், எரியும் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது என்று பொருள்.

இதை ஊகத்தில் விட வேண்டியதில்லை. ஹெட்டை இறக்கலாம் என்று சொல்லும் முன் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் பார்ப்பது. மற்றொன்று, டேங்கிலிருந்து வரும் காற்றை நீல நிற மருந்துக்குள் செலுத்துவது. எரிந்த வாயு இருந்தால் அது மஞ்சளாகும். இரண்டும் செய்யாமல் ஸ்பேனரை எடுக்கிறவரிடம் வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

கிரீன் சர்க்கிளில் கொதிக்கிறது, ஹைவேயில் சரியாகிறது

ஃபேன் வேலை செய்யவில்லை. ஓடும்போது காற்று தானாக வரும், காட்பாடி மேம்பாலத்து நெரிசலில் வராது. ஏசி போட்டதும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக ஹைவே வேகத்தில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, திறக்காத தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), அல்லது இதழ் தேய்ந்த பம்ப். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. வேண்டாம். இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடிக் கூடுதல் பெட்ரோல் குடிக்கும்.

எதை ஊற்றுவது

கையேட்டில் சொன்ன வகை கூலன்ட். நிறத்தை நம்பாதீர்கள், ஒரே நிறத்தில் வேறு வேறு சரக்கு விற்கிறது. ஒத்துப்போகாத இரண்டைக் கலந்தால் கூழாகித் திரண்டு ரேடியேட்டரை அடைக்கலாம். கேனில் கலந்தே விற்பது என்றால் அப்படியே ஊற்றலாம், கெட்டியானது என்றால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். பங்க்குகளில் பேட்டரி தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள்.

போர் தண்ணீர் மட்டும் வேண்டாம். நம் வீட்டுக் குழாய் வாயிலும் வாளி விளிம்பிலும் வெள்ளையாகப் படிகிற உப்பைத் தேய்த்துப் பார்த்திருப்பீர்கள், ஆசிட் ஊற்றினால்தான் போகிறது. ரேடியேட்டரின் குழல்கள் குச்சி நுழையாத அளவு சன்னமானவை. சூட்டில் அதே உப்பு அங்கே படியும், அலுமினியத்தை அரிக்கும், பம்ப் சீலைத் தின்னும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்டது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன விஷயம். அந்தத் தண்ணீரைக் குடிக்கத் தயங்குகிற நாம் இன்ஜினுக்கு மட்டும் கூசாமல் ஊற்றுகிறோம். வழியில் வேறு கதியே இல்லை என்றால் கடையில் விற்கும் குடிநீர் பாட்டில் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் தேவலாம். ஊர் வந்ததும் வடித்துவிட்டுச் சரியான கலவையை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கசிவை அடைக்கும் பவுடர், ஆயில் கடைச் சரக்கு, அந்தக்கால லாரிக்காரர்களின் மஞ்சள் தூள் வைத்தியம் எல்லாம் கசிவோடு ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைத்துவிடும். மெக்கானிக் இல்லாத ஜவ்வாது மலையில் நின்றுவிட்டால் மஞ்சள் தூளை நான் குறை சொல்ல மாட்டேன், மற்றபடி வேண்டாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் சுற்றும் கூலன்ட் தனி ரகமாக இருக்கலாம். அளவு குறைந்தால் சர்வீஸ் சென்டருக்கே போக வேண்டும்.

ஊற்றிய பிறகு

நிறையக் குறைந்து ஊற்றியிருந்தால் உள்ளே காற்று நிற்கும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பது இதைத்தான். ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும் வரை வண்டியை ஐடிலில் விடுங்கள். காற்று போனதும் அளவு இறங்கும். மறுநாள் காலை ஆறிய நிலையில் பார்த்து, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கும்படி நிரப்புங்கள். சில இன்ஜின்களில் காற்றை வெளியேற்றத் தனி ஸ்க்ரூ உண்டு, கையேட்டில் படம் இருக்கும்.

பிறகு டேங்கின் மேல் மார்க்கர் பேனாவால் அளவைக் கோடிட்டுத் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். மாதக்கணக்கில் ஒரு விரற்கடை இறங்கினால் அடுத்த சர்வீஸில் பிரஷர் டெஸ்ட் கேட்டால் போதும். வாரத்துக்குள் கீழ்க் கோட்டுக்கு வந்தால் அந்த வாரமே ஒர்க்‌ஷாப். ஒரே நாளில் காலியானாலோ, ஆயில் மூடியில் பழுப்புப் பசை தெரிந்தாலோ, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ரெக்கவரி வண்டிக்குப் போன் செய்யுங்கள். அந்தக் கூலி எவ்வளவு கேட்டாலும் ஹெட் வேலையைவிடக் குறைவுதான்.